அடுத்து வருபவருக்காக எழுதுங்கள்

தங்கிய விடுதியைப் பற்றி இணையத்தில் முதன்முதலாக நாலு வரி எழுத உட்காரும் தம்பி, தங்கைகளே! வயதான தாய் தகப்பனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் புறப்படும் ஒரு குடும்பம், உங்கள் வரிகளை நம்பித்தான் அட்வான்ஸ் கட்டப்போகிறது. அந்தப் பொறுப்போடு எழுதுங்கள். மூத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. எப்போது, யாரோடு, எந்த அறையில் தங்கினீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "நல்ல லாட்ஜ்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "ஜனவரி, வார நாள், இரண்டாம் மாடி, ஏசி இல்லாத டபுள் ரூம், அம்மாவோடு தங்கினேன்" என்றால் படிப்பவர் தன் தேவையோடு பொருத்திப் பார்த்துக்கொள்வார்.

2. வாடகையை நாளோடு சேர்த்து எழுதுங்கள். திருவண்ணாமலையில் சாதாரண நாள் வாடகை வேறு, பௌர்ணமி வாடகை வேறு, கார்த்திகை தீபத்து வாடகை வேறு. வரி உட்பட எவ்வளவு, எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவு என்பதும் வேண்டும்.

3. அறையைக் காலி செய்யும் கணக்கைக் கேட்டு எழுதுங்கள். வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா, பகல் 12 மணிக்கே செக்-அவுட்டா? திருவண்ணாமலையில் இரவெல்லாம் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து விடியலில் திரும்புகிறவருக்குக் கண்ணயர நேரம் கிடைக்குமா என்பது இதைப் பொறுத்தது.

4. அந்த ஊருக்கு ஏன் போகிறார்கள் என்பதை மனதில் வைத்து விடுதியைப் பாருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ராமேஸ்வரத்தில் விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் புறப்படும்போது வாசல் கதவைத் திறந்துவிட ஆள் இருக்கிறாரா? அக்னி தீர்த்தத்திலும் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு வந்தால் ஈரத்துணி காயப்போட இடம் உண்டா? குழாயில் வருவது உப்புத் தண்ணீரா? ஊட்டி என்றால் கேள்விகள் மாறும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் அது. வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கம்பளியில் ஈரவாடை அடிக்கிறதா, ஜன்னல் இறுக மூடுகிறதா என்று எழுதுங்கள்.

5. முட்டிவலிக்காரர்களை மறக்காதீர்கள். லிஃப்ட் உண்டா, வாசலில் எத்தனை படி, வெஸ்டர்ன் டாய்லெட்டா, குளியலறைத் தரை வழுக்குகிறதா? வரவேற்பறைப் படத்தை விடுதிக்காரர்களே போட்டுக்கொள்வார்கள். நீங்கள் குளியலறையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

6. குறை இருந்தால் முதலில் ரிசப்ஷனில் சொல்லுங்கள். சரிசெய்தார்களா, எவ்வளவு நேரத்தில் செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரூம் பாய் பெயரைப் போட்டுக் குறை எழுதாதீர்கள். அவர் பிழைப்பு அதில் இருக்கிறது. நன்றாகக் கவனித்திருந்தால் மனதாரப் பாராட்டுங்கள். திருவிழா ஒலிபெருக்கிச் சத்தத்தைத் தகவலாகச் சொல்லலாம். அதற்காக விடுதிக்கு நட்சத்திரத்தைக் குறைப்பது நியாயமாகாது.

7. காசுக்கும் தள்ளுபடிக்கும் எழுதாதீர்கள். விலைக்கு வாங்கிய மதிப்புரை கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் வெளியிட்ட ஐஎஸ் 19000 நெறிமுறையே சொல்கிறது. "ஒரு நட்சத்திரம் போட்டுவிடுவேன்" என்று மிரட்டி வாடகையைக் குறைக்கச் சொல்வதும் அதே அளவு தவறு.

8. கொடுத்த காசுக்கு என்ன கிடைத்ததோ அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். தர்ம சத்திரத்தில் நட்சத்திர ஓட்டலைத் தேடக்கூடாது. சுத்தமும் பாதுகாப்பும் மட்டும் எந்த வாடகையிலும் இருந்தே ஆகவேண்டும். அவை இல்லையென்றால் தயங்காமல் எழுதுங்கள்.

ஊர் திரும்பிய சூட்டோடு எழுதிவிடுங்கள்; நாள் கடந்தால் கோபமும் மகிழ்ச்சியும் நினைவிருக்கும், விவரம் மறந்துபோகும். நீங்கள் உண்மையாக எழுதும் பத்து வரி, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பயணத்தை நல்லபடியாக நடத்திவைக்கும். அவசியம் எழுதுங்கள்.