வால் தொலைந்த கழுதையும் நம் வீட்டுப் பிள்ளையும்



சென்ற ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு நம் அலுவலகம் வந்தார். இரண்டு மாதமாக வேலைக்குச் சரியாகப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "உடம்புக்கு ஒண்ணுமில்ல பாய், காலையில எழுந்திருக்கவே முடியல" என்றார். "தொழுகையை விடாதீங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். அவர் ஒரு வேளைத் தொழுகையையும் விட்டதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பெருநாள் கழித்து மனைவியுடன் மறுபடி வந்தார். மகள் செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதில் ஒரு சாம்பல் நிறக் கழுதை. "சின்ன வயசுல அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன் பாய். இப்ப சிரிப்பு வரல. அது நான்தான்னு தோணுச்சு. எந்த டாக்டர்கிட்ட போகணும்?" என்றார். என் அறிவுரை செய்யாததை ஒரு பொம்மைக் கழுதை செய்துவிட்டது.

அந்தக் கழுதையின் பெயர் ஈயோர். ஆங்கில எழுத்தாளர் ஏ.ஏ. மில்ன் 1926இல் எழுதிய 'வின்னி த பூ' கதைகளில் வருவது. பின்னாளில் டிஸ்னி கார்ட்டூன் ஆனது. தலை எப்போதும் தொங்கியிருக்கும். நல்லது நடக்கும் என்று நம்பாது. தன் பிறந்தநாள் யாருக்கும் நினைவிருக்காது என்று முன்பே முடிவு செய்துவிடும். 2000ஆம் ஆண்டு கனடா மருத்துவச் சங்க இதழில், சில மருத்துவர்கள் இக்கதாபாத்திரங்களை நோயாளிகளாகப் பாவித்து வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதினார்கள். ஈயோருக்கு அவர்கள் சொன்ன நோய், நீண்டநாள் மனச்சோர்வு.

கவலை எல்லோருக்கும் வரும், போகும். மனச்சோர்வு அப்படியல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் மனம் இருண்டிருப்பது, பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமை, தூக்கமும் பசியும் கெடுவது, ஓயாத அசதி, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் பல சேர்ந்திருந்தால் அது நோய். 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ இருபது பெரியவர்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வந்திருக்கிறது. நம் மஹல்லா மட்டும் விதிவிலக்கா?

"ஈமான் பலவீனம்" என்று சொல்லிவிடுவது எளிது. மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்பார்வையே போனது. அவர்களின் ஈமானை யார் குறை சொல்ல முடியும்? கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, துக்கத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று காரணம் தெரிந்தது. மற்றது காரணமே தெரியாமல் வருவது. இரண்டாவது உடலிலிருந்து எழுவது, அதற்கு உடலுக்கான மருத்துவமும் வேண்டும் என்று எழுதினார். ஆயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர் சொன்னதை நாம்தான் மறந்துவிட்டோம்.

அந்தக் கதையில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. ஈயோரின் வால் ஒருநாள் தொலைந்துபோகிறது. "ஏன் இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே?" என்று நண்பன் பூ கேட்கவில்லை, தேடிப் போய் வாலைக் கொண்டுவருகிறான். நாமும் அப்படியே கூட இருக்க வேண்டும். மருத்துவரிடம் துணைக்குப் போக வேண்டும், மாத்திரையை நினைவூட்ட வேண்டும். மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். சரியாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

எங்கே போவது? 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அண்ணா நகர் மேற்கு விரிவில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் இருக்கிறது. போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே அழைத்துப் போங்கள்.

கார்ட்டூனைப் பார்த்து யாரும் தனக்குத்தானே நோய் முடிவு செய்யக் கூடாது. அது கண்ணாடி மட்டுமே, வைத்தியர் வேறு. ஈயோரைச் சோகமாகவே வரைந்துவிட்டார்கள், அது மாற முடியாது. மனிதனின் நிலை அப்படியல்ல. அந்தத் தம்பிக்கு இது சிகிச்சையின் மூன்றாவது மாதம். முழுவதும் குணமாகவில்லை; ஆனால் ஷிஃப்டுக்குப் போகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போதெல்லாம் உதவி கேட்டு வருபவரிடம் விண்ணப்பத்தில் இல்லாத ஒரு கேள்வியையும் கேட்கிறேன்: "ராத்திரி தூக்கம் வருதா?" உங்கள் வீட்டிலும் இன்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.