கிராங்க் காத்திருக்காது: எம்பெடட் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சேரப்பணஞ்சேரியில் அறை எடுத்துத் தங்கி ஒரகடத்துக்கு வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு:

1. முதலில் கணக்குப் போடுங்கள். 2013 முதல் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலை ஓடுகிறது. பைக் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லி செகண்ட். ஒரு டிகிரிக்குச் சுமார் 28 மைக்ரோ செகண்ட்தான். சென்சார் சிக்னல் வந்ததற்கும் உங்கள் இன்டரப்ட் ஹேண்ட்லரின் முதல் வரி ஓடுவதற்கும் நடுவில் போகும் நேரம்தான் இன்டரப்ட் லேட்டன்ஸி. அது 56 மைக்ரோ செகண்ட் ஆனால், ஹேண்ட்லரை நம்பிய ஸ்பார்க் இரண்டு டிகிரி பிந்தும்.

2. சராசரியைச் சொல்லிப் பெருமைப்படாதீர்கள். எஞ்சினுக்கு வேண்டியது மிக மோசமான தாமதம் எவ்வளவு என்பது மட்டுமே.

3. சிப்பைத் திட்டாதீர்கள். நினைவகம் காக்கவைக்காவிட்டால் கார்டெக்ஸ்-எம்3 12 கிளாக்கில் ஹேண்ட்லருக்குள் நுழைந்துவிடும். 72 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு மைக்ரோ செகண்டில் ஆறில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் பெரும்பாலும் நாம் சேர்த்ததே. பொது வேரியபிள் ஒன்றைக் காக்க இன்டரப்ட்டை மொத்தமாக அணைப்போம். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் வந்து அதே இடத்தில் ஒரு லூப்பைச் செருகுவார். மறு ஆய்வில் நான் முதலில் தேடுவது அணைக்கும் வரியையும் திரும்பத் திறக்கும் வரியையும்தான். நடுவில் லூப் இருந்தால் நிரல் திரும்பிப் போகும்.

4. ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப் கூடாது. 1,15,200 பாடில் ஒரு எழுத்து வெளியே போகவே 87 மைக்ரோ செகண்ட். மூன்று டிகிரி!

5. நேரம் தவறவே கூடாத வேலையை டைமர் வன்பொருளிடம் விடுங்கள். சிக்னல் வந்த கணத்தை அதுவே குறித்து வைக்கும். சொன்ன நேரத்தில் பின்னையும் அதுவே மாற்றும். ஹேண்ட்லர் சற்றுத் தாமதித்து வந்து அடுத்த ஸ்பார்க்குக்குக் கணக்குப் போட்டால் போதும். எஞ்சின் இசியுக்கள் தாக்குப்பிடிப்பது இப்படித்தான்.

6. அளந்துவிட்டுப் பேசுங்கள். ஹேண்ட்லரின் முதல் வரியில் ஒரு பின்னை உயர்த்தி, சென்சார் சிக்னலோடு சேர்த்து ஸ்கோப்பில் பாருங்கள். பெர்சிஸ்டன்ஸை முடிவிலியில் வைத்து, கேன் பஸ்ஸில் முழுச் சுமை ஏற்றிவிட்டு, சாப்பிடப் போங்கள். வந்ததும் வலது ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் ஒற்றைக் கோட்டைத் தேடுங்கள். ஃபிளாஷில் எழுதும்போதும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்; பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

7. உற்பத்தி லைனில் லினக்ஸ் பிசி இருந்தால்: சுமார் இருபது ஆண்டுகள் தனி பேட்சாகக் கிடந்த ரியல்-டைம் வசதி ப்ரீஎம்ப்ட்-ஆர்டி, 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலில் முழுமையாகச் சேர்ந்துவிட்டது. அதைப் போட்டு, தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட்டை இரவெல்லாம் ஓட்டுங்கள். அப்படியும் எண் அவ்வப்போது எகிறினால் பயாஸைச் சந்தேகியுங்கள். எஸ்எம்ஐ என்ற வழியில் அது கெர்னலுக்கே சொல்லாமல் சிபியுவைப் பறித்துக்கொள்ளும். எந்தப் பேட்ச்சும் அதைத் தடுக்காது. எச்டபிள்யூலாட்-டிடெக்ட் என்ற கருவி காட்டிக்கொடுக்கும். பர்ச்சேஸ் ஆர்டர் போவதற்கு முன்பே மாதிரிப் பெட்டியில் அதை ஓட்டிவிடுங்கள்.