தானே செய்யப் பயிற்றல்

ஆசிரியர் துணையின்றியும் மாணவன் மேற்செல்ல வல்லனாதலே கல்வியின் பயனாம். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கும் இப்பயன் உரியதோ எனச் சிலர் ஐயுறுவர். உரியதே என்பதை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

பிரான்சு தேசத்துச் செகேன் என்பார், இத்தகைய பிள்ளைகளுக்குக் கை, கண் முதலியவற்றை முதலிற் பயிற்றி, அவ்வழியே அறிவை எழுப்பும் முறையை வகுத்து, 1866-ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் நூலாக வெளியிட்டார். இத்தாலி தேசத்து வைத்தியராகிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1900-ஆம் ஆண்டையொட்டி ரோமாபுரியில் இப்பிள்ளைகளுக்குக் கற்பித்தபோது இம்முறையைத் தழுவினார்.

அவரிடம் பயின்ற பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஊசியை மேலுங் கீழுமாகச் செலுத்தித் தைக்க வரவில்லை. அம்மையார் அவளைக் கடிந்திலர். தையலை நிறுத்திவிட்டு, காகிதக் கீற்றுகளை மேலுங் கீழுமாகக் கோத்துப் பாய்போல் முடையக் கொடுத்தார். அதில் அவள் தேர்ந்தபின் ஊசியைக் கொடுக்க, தையல் எளிதில் வந்தது. அச்செயலுக்கு வேண்டிய கைப்பழக்கம் முன்னரே அமைந்திருந்தமையே காரணம்.

அம்மையார் பிற்காலத்தில் வழங்கிய கருவிகளுள் ஒன்று, பத்துக் குழிகளும் அவற்றிற்கேற்ற பத்து உருளைகளும் உடைய மரக்கட்டை. ஓர் உருளையை இடம் மாற்றி இட்டால், முடிவில் ஒன்று பொருந்தாது நிற்கும். ஆசிரியர் பிழை கூற வேண்டுவதில்லை, கட்டையே கூறிவிடும். பிள்ளை தானே கண்டு தானே திருத்தும்.

இல்லத்திற் கையாளத்தக்க முறையும் ஒன்றுண்டு. சட்டைப் பொத்தானைத் துளையிற் பாதி நுழைத்துவிட்டு, இறுதியாக இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுக. அது கைவந்தபின், நுழைப்பதையும் விடுக. இவ்வாறு முடிவிலிருந்து முதலை நோக்கிச் சென்றால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த மகிழ்ச்சி பிள்ளைக்கே உரியதாகும்.

இரக்கத்தால் நாமே ஊட்டியும் உடுத்தியும் விடுகின்றோம். அது அன்பே, ஆயினும் பிள்ளை கற்றற்குரிய காலத்தை அது கவர்ந்துகொள்கிறது. "எங்கள் காலத்திற்குப்பின் இவன் என் செய்வான்?" என்பதன்றோ பெற்றோரின் தீராக் கவலை! அதற்கு விடை, இன்று சோறு சிந்தினும் அவனே உண்ணும்படி பொறுத்திருத்தலில் தொடங்குகிறது.

அம்மையார் 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். நம் கல்லூரியினின்று ஆசிரியராய்ச் செல்வோர், உதவக் கற்பதோடு உதவியைச் சிறிது சிறிதாகக் குறைக்கவும் கற்பாராக.