நீரில் மிதக்கும் கல்

கல் நீரில் அமிழும் என்பது எவரும் அறிந்ததே. ஆயினும், சாவாத் தீவுக்குச் சென்று மீண்ட உறவினர் ஒருவர் எனக்களித்த கல்லைத் திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் என் பெயர்த்தி காவிரியில் இட்டபோது, அது தக்கைபோல் மிதந்து சென்றது. “தாத்தா! கல் ஓடுகிறதே!” என்று அவள் கூவினாள். நான் முழங்காலளவு நீரில் இறங்கி அதனை மீட்டேன். எதிர்க்கரைக்கு அப்பால் திருச்சி மலைக்கோட்டை நிமிர்ந்து நின்றது. அதுவும் கல், இதுவும் கல். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

மலைக்கோட்டைப் பாறை நிலத்தின் ஆழத்தே நெடுங்காலம் வெம்மையும் அழுத்தமும் உற்று இறுகியது. என் கையிலிருந்ததோ எரிமலை உமிழ்ந்த நுரைக்கல். அதன் பருமனில் பெரும்பகுதி வெறுந்துளைகளே.

மாணவர்களே, கோலிச் சோடாவின் கோலியை அழுத்தியவுடன் நுரை பொங்குவதைக் கண்டிருப்பீர்கள். புட்டி மூடியிருக்குங்காறும் வாயு நீரிற் கரைந்து கண்ணுக்குப் புலனாகாது இருக்கும். அழுத்தம் குறைந்ததும் குமிழிகளாய் வெளிப்படும். நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பிலும் நீராவி முதலிய வாயுக்கள் அவ்வாறே கரைந்துள்ளன. குழம்பு மேலேறுங்கால் அழுத்தம் குறையும், குமிழிகள் தோன்றும், நுரை பொங்கி வெடிக்கும். வானில் எறியப்பட்ட அந்நுரை விரைந்து குளிர்ந்து, கண்ணாடியாய் இறுகுவதே நுரைக்கல். ஆகவே, வெடிப்பதற்குச் சற்று முன் குழம்பு இருந்த நிலையை அது தன்னுள் பதித்து வைத்திருக்கிறது.

அப்பதிவை அறிஞர் படிக்கும் முறை வியப்புக்குரியது. துளைகள் மிகச் சிறியனவாய், எண்ணற்றனவாய் இருப்பின் குழம்பு விரைந்து ஏறியது என்பர். மெல்ல ஏறியிருப்பின், வாயு வெடிப்புகளின் வழியே கசிந்து வெளியேற, குழம்பு சீற்றமின்றி வழிந்திருக்கும். துளைகள் குழல்போல் நீண்டிருப்பின், குறுகிய வழியில் குழம்பு இழுபட்டு ஓடியது தெளிவாகும். கல்லினுள் கிடக்கும் சிறு படிகங்களோ இன்னும் பல கூறும். அவற்றுள் சிறைப்பட்ட கண்ணாடித் துளியில் எஞ்சிய நீரின் அளவு, குழம்பு எத்துணை ஆழத்தில் தங்கியிருந்தது என்பதைக் காட்டும். மரத்தின் ஆண்டு வளையம்போன்ற அடுக்குகள் சில படிகங்களில் உண்டு. அடுக்கின் எல்லையில் தனிமங்கள் ஒன்றினுள் ஒன்று பரவியுள்ள அளவைக்கொண்டு, அடியிலிருந்து புதுக்குழம்பு வந்து கலந்தது வெடிப்புக்கு எத்தனை நாள் அல்லது எத்தனை ஆண்டு முன்னர் எனக் கணிக்கின்றனர்.

இவ்வாராய்ச்சி எதற்கு என்று வினவலாம். சாவாவுக்கும் சுமத்திராவுக்கும் இடையேயுள்ள கிரக்கத்தோவா, 1883 மே மாதத்தில் புகையத் தொடங்கி, ஆகஸ்டு 27-ஆம் நாள் பேரொலியுடன் வெடித்தது. எழுந்த கடற்பேரலையால் மாண்டோர் 36,000-க்கு மேற்பட்டோர். சாவகம் என மணிமேகலை குறிக்கும் நாடு அப்பகுதியே என்பர். நமக்கு அது அயலன்று. நாகப்பட்டினத்துக் கடலளவுக் கருவியிலும் அவ்வலை பதிவாயிற்று. செப்டம்பரில் சென்னையில் கதிரவன் பச்சை நிறமாய்த் தோன்றினான். மிதந்த நுரைக்கற்கள் சுமத்திராவின் லம்பங் குடாவைக் கப்பல் புகவொண்ணாதவாறு அடைத்தன. சில ஆப்பிரிக்கக் கரைவரை சென்றன. மூன்று திங்கள் அம்மலை எச்சரித்தும், அதன் பொருளை உணர்ந்தார் எவருமிலர்.

1991-இல் பிலிப்பைன்சின் பினதூபோ மலை விழித்தபோது நிலைமை வேறாயிருந்தது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உறங்கிய மலை அது. அறிஞர் அதனைச் சுற்றிக் கிடந்த பழைய நுரைக்கற் படிவுகளை ஆராய்ந்து, முன்னை வெடிப்புகள் எவ்வளவு தொலைவு பாய்ந்தன எனக் கண்டு, இடர் எல்லை குறித்த படம் வரைந்தனர். நில அதிர்ச்சியையும் வாயுவையும் இடையறாது அளந்தனர். மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். ஜூன் 15-இல் மலை பெரிதாய் வெடித்தது. அன்றே புயலும் வந்தது. மழையில் நனைந்த சாம்பலின் சுமை தாங்காது கூரைகள் இடிந்து பலர் இறந்தனர் எனினும், பல்லாயிரவர் பிழைத்தனர். ஜூன் தொடக்கத்தில் மலை வெளித்தள்ளிய கற்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, ஆழத்திலிருந்து எழுந்த வெப்பமிக்க கருங்குழம்பு, அங்குத் தேங்கியிருந்த பழங்குழம்பிற் புகுந்து கலந்தமை புலனாயிற்று. உறங்கிய மலையை எழுப்பியது அக்கலப்பே என்று அறிஞர் கருதுகின்றனர்.