கதையில் வரும் சிறுமியும் அவளது கேள்வியும்

ஒரு சிறுகதையையோ நாவலையோ படித்து முடித்ததும் அதில் வரும் சிறுமியை "நல்லவள்", "பாவம்", "துடுக்குக்காரி" என்று ஒரே சொல்லில் மதிப்பிட்டுவிடுகிறோம். பரீட்சையிலும் பாத்திரப் படைப்பு என்றால் குணங்களை வரிசையாக எழுதிப் புள்ளி பெறுகிறோம். தன் வாழ்வில் எதை அவள் தானே தீர்மானிக்கிறாள் என்று கேட்பது குறைவு. அப்படிக் கேட்க மூன்று வினாக்கள் உதவும். அவளுக்கு என்ன தெரியும்? தெரியாததை யாரிடம் கேட்கலாம்? எந்த முடிவு அவளுடையது?

முதலில் நமது கண்டியிலிருந்து தொடங்குவோம். கண்டியில் 1838 இல் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை 1885 இல் எழுதிய 'அசன்பேயுடைய கதை' ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. எகிப்தில் பிறந்து, கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, கற்றுத் தேறும் ஓர் ஆண்பிள்ளையே அதன் நாயகன். ஊர் ஊராகச் செல்வதும் கற்பதும் அக்காலக் கதையில் ஆணுக்கே எளிதாக வாய்த்தன. ஆனால் அதே சித்திலெவ்வைதான் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையையும் நிறுவினார். நாவலில் ஆண்பிள்ளைக்குக் கொடுத்த கல்வியை, ஊரில் பெண்பிள்ளைக்கும் கொடுக்க முயன்றார் என்று இதைப் பார்க்கலாம்.

இனி, கதையின் நடுவே ஒரு சிறுமியே நிற்கும் படைப்புகளைப் பார்ப்போம்.

அம்பையின் சிறுமி

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்ற சிறுகதை 'சிறகுகள் முறியும்' (1976) தொகுப்பில் உள்ளது. கதை சொல்பவள் பூப்பெய்தும் வயதிலுள்ள சிறுமி. தாய் வெளியூர் போயிருக்கும் நாட்களில் அவள் பருவமடைகிறாள். தன் உடம்பில் நடப்பது என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை. சுற்றியுள்ளவர்கள் சடங்குகளையும் கட்டுப்பாடுகளையும் பேசுகிறார்களே தவிர, விளக்கம் சொல்வாரில்லை. அம்மா வந்தால் எல்லாவற்றையும் சொல்வாள் என்று நாட்களை எண்ணிக் காத்திருக்கிறாள். ஆனால் வந்த தாயோ, இன்னுமொரு சுமை வந்துவிட்டது என்ற பொருள்படக் கடிந்து பேசுகிறாள்.

தலைப்பிலுள்ள கொலை இதுதான். அங்கே உயிர் போகவில்லை, ஒரு பிள்ளையின் நம்பிக்கை போகிறது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது, பாடசாலைக் கல்வி மட்டும் அவளைக் காப்பாற்றியிருக்காது என்பது. அவளுக்குத் தேவைப்பட்டது கேள்விக்குப் பதில் சொல்லும் ஒருவர். தாயும் கொடியவள் அல்ல. பெண்ணின் நிறத்தைப் பார்த்துச் சம்பந்தத்தைத் தட்டிவிடும் சமூகம் தந்த சொற்களையே அவள் மகளிடம் சொல்கிறாள்.

சல்மாவின் ராபியா

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) தமிழ்நாட்டு முஸ்லிம் ஊரொன்றின் வீடுகளுக்குள் நடக்கும் நாவல். அதில் வரும் ராபியா ஓடியாடித் திரியும் சிறுமி. பெரியவர்களின் பேச்சு அவளுக்குப் பாதிதான் விளங்குகிறது. ஆனாலும் தன்னைச் சுற்றியுள்ள பெண்களின் வாழ்க்கையைப் பார்த்து, வளர வளரத் தன் உலகமும் சுருங்கப்போவதை அவள் உணர்கிறாள். சிறுவனுக்கு வயது ஏற ஏறத் தெரு அகலமாகிறது, சிறுமிக்கு அதுவே ஒடுங்குகிறது. இந்த வேறுபாட்டைப் பிரசங்கம் செய்யாமல் காட்டுவதே நாவலின் பலம்.

சல்மாவும் 13 வயதில் பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்தான். ஆனால் வாசிப்பை நிறுத்தவில்லை. வீட்டுக்குள்ளிருந்தே எழுதினார். பின்னர் 2001 இல் தமது ஊரின் பேரூராட்சித் தலைவியாகத் தெரிவானார்.

அவருக்கு முன்பே நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் இருந்தார். மூன்றாம் வகுப்பு வரையே பாடசாலையில் படித்த அவர் 1938 இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். உ. வே. சாமிநாதையரே அந்நூலுக்கு முன்னுரை வழங்கினார். வகுப்பறை மூடப்பட்டாலும் வாசிப்பு திறந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு வழியுண்டு என்பதற்கு இவ்விருவரும் சான்று. அதற்காக வகுப்பறையை மூடலாம் என்று யாரும் பொருள்கொள்ளக் கூடாது. ஒரு சல்மா எழுதினார். அவரைப் போல நிறுத்தப்பட்ட எத்தனையோ பேர் எழுதவேயில்லை.

நமது வீட்டுக் கதை

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் நம் வீடுகளிலும் ஒரு பேச்சு நடக்கிறது. உயர்தரத்துக்கு மடுல்கெல்லயிலிருந்து வத்தேகமவுக்கோ கண்டிக்கோ பஸ் ஏற வேண்டுமா, எந்தப் பிரிவு, செலவு எவ்வளவு, மழை நாளில் இருட்டுவதற்குள் வந்து சேர்வாளா என்றெல்லாம் வாப்பாவும் உம்மாவும் மாமாவும் பேசுவார்கள். இவை நியாயமான கவலைகளே. ஆனால் யாரைப் பற்றிய பேச்சோ அந்தப் பிள்ளை பல வேளைகளில் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

பெற்றோரிடம் நாம் கேட்பது பெரிய காரியமன்று. அவளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "உனக்கு என்ன விருப்பம், ஏன்?" என்று கேளுங்கள். இறுதி முடிவு வேறாக இருக்கலாம். ஆனாலும் காரணம் கேட்கப்பட்ட பிள்ளை காரணம் சொல்லப் பழகுவாள். தீர்மானிக்கும் ஆற்றல் அங்கேதான் தொடங்குகிறது.

மாணவியருக்கு ஒரு பயிற்சி

நீங்கள் கடைசியாகப் படித்த கதையில் வரும் ஒரு சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூன்று வினாக்களுக்கும் அவள் சார்பில் விடை எழுதுங்கள். பிறகு அதே வினாக்களை உங்களிடமே கேளுங்கள். இரண்டாவது வினாவுக்கு ஒரு பெயராவது உங்களிடம் இருந்தால், நீங்கள் அம்பையின் சிறுமியைவிடக் கொடுத்துவைத்தவர். இல்லையென்றால் உங்கள் தங்கைக்காவது நீங்கள் அந்தப் பெயராக இருங்கள்.