பிரயாணத்தில் ஒரு பள்ளிக்கூடக் கித்மத்

கோடை விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு வெளிநாடு சென்று வருவது இப்போது நம்மவர்களிடையே பெருகி வருகிறது. மலேசியாவில் மச்சான் இருப்பார், சிங்கப்பூரில் தம்பி இருப்பார், துபாயில் மகன் இருப்பான். உறவினரைப் பார்ப்பதும் இரத்த பந்தத்தைப் பேணுவதும் நன்மையான காரியங்களே. அத்துடன், போகும் ஊரில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் சில நாட்கள் கித்மத் செய்து வரலாமே என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், இது நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணம் நல்ல அமலாக ஆவதற்கு இடையில் அறிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு. நாங்கள் பட்டு அறிந்ததையும் கிதாபுகளில் படித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் சென்ற இடம்

2024 மே மாதத்தில் மூன்று வாரங்கள் குடும்பத்துடன் கோலாலம்பூரில் தங்கியிருந்தோம். அங்கே ரோஹிங்கிய முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் சிறிய பள்ளிக்கூடம் ஒன்று, மச்சான் வீட்டிற்கு அருகிலேயே இருந்தது. கடைகளுக்கு மேலே, மாடியில் மூன்று அறைகள். அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

இந்த மக்களின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மியான்மர் நாட்டின் 1982-ம் வருடக் குடியுரிமைச் சட்டத்தால் இவர்கள் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டார்கள். 2017 ஆகஸ்டில் தொடங்கிய கொடுமைகளின்போது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். மலேசியாவில் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்திடம் பதிவு செய்துகொண்ட ரோஹிங்கியர் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். மலேசியா 1951-ம் வருட அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. ஆகவே அகதிப் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் சேர்ந்து படிக்க வழியில்லை. அவர்களுடைய சமூகத்தாரும் தர்ம ஸ்தாபனங்களும் நடத்தும் இத்தகைய சிறு பள்ளிக்கூடங்களே அவர்களுக்குக் கதி.

முதல் நாள் நாங்கள் செய்த பிழை

முதல் நாள் ஒரு பை நிறைய மிட்டாயும் கையில் கேமராவுமாகப் போனோம். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். மிட்டாய் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. வகுப்பு ஒரு மணி நேரம் குலைந்தது. எங்கள் எட்டு வயது மகன் ஒரு சிறுமியிடம், மச்சான் மகளை மலாய் மொழியில் கேட்கச் சொல்லி, "உன் வாப்பா எங்கே?" என்று கேட்டான். அந்தப் பிள்ளை பதில் சொல்லாமல் தலை குனிந்து போய்விட்டது.

அங்கே பாடம் நடத்தியவர் அதே சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளம் பெண். அவர் கோபப்படவில்லை. பள்ளி விட்டபின் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "வருகிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அதன்பின் ஒரு வாரம் வரை பிள்ளைகள், அவர்கள் எப்போது வருவார்கள் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். நீங்கள் நாளை வருவீர்களா? வந்தால் எத்தனை மணிக்கு? எந்த நாள் வரை?"

எங்களிடம் பதில் இல்லை. மிட்டாய் வாங்கும்போது இந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நிய்யத்தைச் சோதித்துப் பார்த்தல்

செயல்கள் யாவும் நிய்யத்தைக் கொண்டே என்ற ஹதீஸை நாம் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம். அன்றிரவு அதை எங்கள் மீதே பொருத்திப் பார்த்தோம். யாருக்காகப் போனோம்? அந்தப் பிள்ளைகளுக்காகவா, அல்லது ஊர் திரும்பியதும் காட்டுவதற்கு நாலு படங்களுக்காகவா?

அல்லாஹ்வின் திருப்பொருத்தத்திற்காக உணவளிப்போர், பிரதிபலனையோ நன்றியையோ நாடுவதில்லை என்ற கருத்தை ஸூரா அத்தஹ்ர் (76:8, 9) கூறுகிறது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனதை நோவித்தும் தர்மத்தைப் பாழாக்கிவிட வேண்டாம் என்று ஸூரா அல்பகரா (2:264) எச்சரிக்கிறது. மனதை நோவிப்பது என்றால் திட்டுவது மட்டும்தானா? ஓர் அநாதைப் பிள்ளையிடம் அதன் தகப்பனைப் பற்றி வேடிக்கையாக விசாரிப்பதும் நோவினைதான். அனுமதியின்றி அதன் முகத்தைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்புவதும் நோவினைதான். அகதிகளின் படம் வெளியே போவதால் அவர்களுக்கு ஆபத்தும் நேரலாம். அவர்களின் முகமும் கதையும் நம்மிடம் உள்ள அமானத்து. கேமராவை மறுநாள் வீட்டிலேயே வைத்துவிட்டோம்.

நாயகத் தோழர்களிடம் பெறும் பாடம்

ஊர் விட்டு ஊர் சென்று கற்பித்தவர்களில் முன்னோடி முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள். ஹிஜ்ரத்துக்கு முன்பே நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அவரை மதீனாவுக்கு அனுப்பினார்கள். அவர் அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கி, அந்த மக்களோடு மக்களாக வாழ்ந்து, குர்ஆனை ஓதிக் கொடுத்தார். கற்பிக்கப் போகிறவர் இருந்து கற்பிக்க வேண்டும் என்பது இதிலுள்ள படிப்பினை.

சில நாட்களே தங்க முடிந்தவர்களுக்கும் பாடம் உண்டு. மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஒத்த வயதுடைய சில வாலிபர்களும் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து இருபது இரவுகள் தங்கினார்கள். அவர்களுக்குக் குடும்பத்தின் மீது ஏக்கம் வந்துவிட்டதை நாயகம் (ஸல்) அவர்கள் தாமே உணர்ந்து, ஊர் திரும்பி, தங்கள் குடும்பத்தாருடன் இருந்து அவர்களுக்குக் கற்றுக் கொடுக்குமாறு ஏவினார்கள். இது புகாரியில் பதிவான செய்தி. ஒரு சமூகத்திற்கு நிரந்தர ஆசிரியர் அந்தச் சமூகத்திலேயே வாழ்பவர்தான் என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

நாம் பத்து நாள் விருந்தாளி. அந்த இளம் பெண்ணோ வருடம் முழுவதும் அங்கே இருப்பவர். அவர் இடத்தில் நாம் நின்று பாடம் நடத்துவது கித்மத் அல்ல. அவருடைய சுமையைக் குறைப்பதே கித்மத்.

ஆகவே மறுநாள் சென்று, "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டோம். அவர் கேட்டவை இவைதான்: யாரோ அனுப்பிய புத்தகங்கள் மூட்டையாகக் கிடக்கின்றன, அவற்றை வயது வாரியாகப் பிரித்து அடுக்கித் தர வேண்டும். கிழிந்தவற்றை ஒட்டித் தர வேண்டும். வாசிப்பில் பின்தங்கிய நாலு பிள்ளைகள் ஆங்கிலப் பாடம் வாசிக்கும்போது, அவர் கண்ணெதிரே பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகக் கேட்க வேண்டும். தினமும் ஒரே நேரத்திற்கு வர வேண்டும். கடைசி நாள் எதுவென்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்படியே, "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரை தினமும் காலை ஒன்பது மணிக்கு வருவோம்" என்று பிள்ளைகளிடம் சொன்னோம். எங்கள் பிள்ளைகள் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து புத்தகம் ஒட்டினார்கள்.

வாக்கை முறித்தோம்

இரண்டாம் வாரம் புதன்கிழமை. மச்சான் திடீரென்று காரை எடுத்து வந்து, பினாங்குக்குப் போய் வரலாம் என்றார். தமிழ் முஸ்லிம்களின் பழைய ஊர். 1801-ல் நம்மவர் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் உள்ள ஊர். பார்க்காமல் திரும்புவதா என்ற ஆசையில் கிளம்பிவிட்டோம். பதினோரு வயது மகள் மட்டும், "வாப்பா, நாம் வருவதாகச் சொல்லியிருக்கிறோமே" என்றாள். "இரண்டு நாள்தானே, ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டோம். பள்ளிக்கூடத்திற்குத் தகவலும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை போனபோது ஆசிரியை சொன்னார். எங்களிடம் வாசித்துவந்த சிறுவன் ஒருவன், விட்ட பக்கத்தில் ஒரு காகிதத் துண்டை அடையாளம் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தானாம். வேறு யாரிடமும் வாசிக்க மாட்டேன் என்றானாம். அவனுக்கு எட்டு வயது இருக்கும். வீட்டையும் ஊரையும் இழந்து வந்த குடும்பத்துப் பிள்ளை.

வாசகர்களே, அன்று எங்களுக்கு நினைவு வந்தது ஒரு ஹதீஸ். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறு பிள்ளையாக இருந்தபோது, அவருடைய தாயார், இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைத்தார்கள். என்ன கொடுக்க நாடினாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்க, பேரீச்சம்பழம் என்று அந்தத் தாயார் சொன்னார்கள். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இது அபூதாவூதில் உள்ளது. பெற்ற பிள்ளையிடம் சொன்ன ஒரு சிறு சொல்லுக்கே இந்தக் கணக்கு என்றால், மாடிப்படியில் காத்திருந்த அந்தப் பிள்ளைக்கு நாங்கள் என்ன பதில் சொல்வோம்? வாக்குறுதி பற்றி நிச்சயமாக விசாரிக்கப்படும் என்பதை ஸூரா பனீ இஸ்ராயீல் (17:34) உணர்த்துகிறது. வாக்கு மாறுவது முனாபிக்கின் அடையாளங்களில் ஒன்று என்றும் நாம் ஓதியிருக்கிறோம்.

எங்கள் பிள்ளைகளின் முன்னிலையிலேயே அந்தச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. காகிதத் துண்டு வைத்த பக்கத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினான். எங்கள் மகள் அவன் அருகில் உட்கார்ந்து கேட்டாள். பினாங்கில் பார்த்தவற்றை எங்கள் பிள்ளைகள் மறந்துவிடலாம். அந்தக் காலையை மறக்கமாட்டார்கள். நாங்களும் மறக்கமாட்டோம்.

கவனிக்க வேண்டிய சில விஷயங்கள்

முதலாவது, அந்த நாட்டின் சட்டம். சுற்றுலா அனுமதியில் வந்தவர் வேலை செய்யக் கூடாது என்பது பல நாடுகளின் சட்டம். சம்பளமில்லாத ஊழியத்தையும் வேலையாகவே கருதும் நாடுகள் உண்டு. நாம் வெளிநாட்டில் நுழையும்போது அதன் சட்டத்திற்குக் கட்டுப்படுவதாக வாக்களித்தே நுழைகிறோம். ஆகவே புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லை என்றால் பொருளாலும் துஆவாலும் உதவுங்கள்.

இரண்டாவது, அநாதை இல்லம் என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் மனம் இளகி ஏமாந்துவிட வேண்டாம். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே வெளிநாட்டுப் பயணிகளின் வரவோடு அநாதை இல்லங்களும் பெருகின. அவற்றிலிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது பின்னர் வெளிவந்தது. பயணிகளின் இரக்கத்தைக் காசாக்குவதற்காகப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொடுமையும் நடந்தது. பிள்ளைகள் மாலையில் தம் வீட்டிற்குத் திரும்பும் பள்ளிக்கூடமாகப் பார்த்து, உள்ளூர் ஜமாஅத்தாரிடம் விசாரித்துச் செல்வதே நல்லது.

மூன்றாவது, எந்தப் பிள்ளையுடனும் தனியறையில் இருக்க வேண்டாம்; வெளியே அழைத்துச் செல்லவும் வேண்டாம். உங்களைப் பள்ளிக்கூடத்தார் விசாரித்தால் வருந்தாதீர்கள். விசாரிக்காமல் உள்ளே விடும் இடத்தில்தான் வருந்த வேண்டும்.

நான்காவது, தொழுகை. ஷாபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓர் ஊரில் தங்க நிய்யத் வைத்தால் அங்கே கஸ்ர் இல்லை, முழுமையாகத் தொழ வேண்டும். ஹனபி மத்ஹபில் அது பதினைந்து நாட்கள். பள்ளிக்கூடத்துக்காக ஓர் ஊரில் தங்குவோர் இதைக் கவனிக்கவும். இடையில் வெளியூர் போய்த் திரும்பினால் வரும் மஸ்அலாவை உங்கள் மத்ஹபு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, ஜகாத்து. பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் மேசை நாற்காலிக்கும் சதகாவிலிருந்து கொடுங்கள். ஜகாத்து அதற்குரிய எட்டு வகையினரைச் சேர வேண்டியது. ஏழைக் குடும்பத்தின் கையில் அது போய்ச் சேருகிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

ஊர் திரும்பிய பின்

கித்மத் விமான நிலையத்தோடு முடிந்துவிடக் கூடாது. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, குறைவாக இருந்தாலும் நிரந்தரமாகச் செய்யப்படுவதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். அந்த ஆசிரியைக்கு வருடத்தில் இரண்டு முறை நோட்டுப் புத்தகத்துக்கான பணம் அனுப்புவதாகச் சொல்லி வந்தோம். தொகை சிறிதுதான். ஆனால் இம்முறை தேதி குறித்து வைத்திருக்கிறோம், அந்தத் தேதியை நினைவூட்டும் பொறுப்பை மகளிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

இன்னும் ஒன்று. நம் தெருவிலேயே வாசிக்கத் தடுமாறும் பிள்ளை இல்லையா? நம் மஹல்லாவின் மதரஸாவில் கிழிந்த புத்தகம் இல்லையா? கடல் கடந்து போய்க் கற்றதை வாசற்படியில் செய்து காட்டினால்தான் அந்தப் பிரயாணம் நம் பிள்ளைகளுக்குப் பாடமாகும்.

யா அல்லாஹ்! எங்கள் பிரயாணங்களை நன்மையானவையாக ஆக்குவாயாக! சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பாக்கியத்தை எங்களுக்கும் எங்கள் மக்களுக்கும் தருவாயாக! வீடிழந்த பிள்ளைகளுக்கு வீட்டையும் கல்வியையும் நீயே வழங்குவாயாக! ஆமீன்.