மைக்ரோவேவ் அடுப்பு: எந்த உணவுக்கு எந்தச் சூடு?

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் பல வீடுகளில் ‘காம்பினேஷன்’ மைக்ரோவேவ் அடுப்பு வந்துவிட்டது. “இதுல சமைச்சா சத்தெல்லாம் போயிடுமா டாக்டர்?” என்று கேட்கிறார்கள். போகாது. குறைந்த நீரில், சீக்கிரம் வேகும் காய்கறியில் வைட்டமின் ‘சி’ அதிகம் வீணாவதில்லை.

ஆனால், எந்தச் சூடு எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மைக்ரோவேவ்: உணவிலுள்ள நீரை அதிரவைத்துச் சூடாக்கும். பீன்ஸ், பூசணி, கீரைக்கு ஏற்றது. இதற்கென விற்கும் கண்ணாடிப் பாத்திரம் போதும், எவர்சில்வர் கூடாது. முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும்.

கிரில்: மேலிருந்து வரும் அனல். மீன், பனீர் சிவக்க.

கன்வெக்ஷன்: விசிறி சுழற்றும் வெப்பக் காற்று. கேக், பிஸ்கட்டுக்கு.

காம்பினேஷன்: மைக்ரோவேவோடு மற்றொன்றும் சேர்ந்தது. கோழி உள்ளே வேகும், மேலே சிவக்கும்.

இனி முக்கியமான விஷயம். காலையில் வடித்த சோற்றை மேடையிலேயே விட்டு, இரவில் சுடவைத்துச் சாப்பிடாதீர்கள். வெளியே கிடக்கும் சோற்றில் ‘பாசிலஸ் சீரியஸ்’ என்ற கிருமி நஞ்சைச் சுரக்கும். சூட்டில் கிருமி செத்தாலும் வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு அழியாது!

மிஞ்சியதை ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளைக்குள், ஒரே ஒரு முறை சூடாக்குங்கள். மைக்ரோவேவ் சூடு ஒரே சீராகப் பரவாது. பாதியில் எடுத்துக் கிளறி, ஆவி பறக்கும்வரை வையுங்கள். குழந்தையின் பால் புட்டியை இதில் வைக்கவே வேண்டாம். புட்டி வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே பால் வாயைச் சுடும்.

முதல் நாள் கறியைத் தொடக்கூடாது என்பது சித்தர் தேரையரின் நோய் அணுகா விதிகளில் ஒன்று. அளவாகச் சமைத்தால் அடுப்புக்கும் வேலை குறைவு, வயிற்றுக்கும் நல்லது.